ஊரில் யாருக்குப் பலம்: நாட்டாமைக்கா, ஊராட்சித் தலைவருக்கா?

நாட்டாமைப் பட்டம் பெரும்பாலும் குடும்ப வழியில் வருவது. ஓட்டு இல்லை, பதவிக்காலம் இல்லை. சட்டத்தில் இடமே கிடையாது. ஆனால் திருவிழாவில் முதல் மரியாதை அவருக்கு; ஊர்விலக்கு என்று அவர் வாய் திறந்தால் ஒரு குடும்பத்துக்குக் கூலி வேலையும் கடைச் சாமானும் நின்றுபோகும்.

ஊராட்சித் தலைவரை 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி மக்கள் நேரடியாக 5 ஆண்டுகளுக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். காகிதத்தில் பலம் இவருக்குத்தான். பட்டியல் இனத்தவருக்கு ஒதுக்கிய ஊராட்சிகளில்தான் சிக்கல். காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். துணைத்தலைவரைத் தேர்வு செய்வது வார்டு உறுப்பினர்கள். அந்த இடம் பல ஊர்களில் ஆதிக்கச் சாதிக்காரருக்குப் போய்விடும். அவர் பேனாவை எடுக்காவிட்டால் மோட்டார் பழுது, தெருவிளக்கு எல்லாம் தேங்கும். பழி மட்டும் தலைவர் மேல். (நாற்காலி தராமல் தரையில் உட்காரவைப்பது தனிக்கதை.)

மதுரை மாவட்டத்தில் இப்படி ஒதுக்கப்பட்ட ஊராட்சியான மேலவளவில் 1997-ல் பட்டியல் இனத் தலைவர் முருகேசன் வெட்டிக் கொல்லப்பட்டார். அதே மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டியில் வென்றவர்களைக் கையோடு ராஜினாமா செய்யவைத்தார்கள். 2006-ல்தான் நிலைமை மாறியது.

துணைத்தலைவர் கையெழுத்து மறுத்தால், தலைவர் வாய்ப்பேச்சோடு விடாமல் கோரிக்கையைத் தேதியோடு எழுத்தில் அவரிடம் கொடுத்து, ஊராட்சிகளின் ஆய்வாளரான மாவட்ட ஆட்சியரிடம் அதன் நகலோடு மனு போட வேண்டும்.