அப்பாவின் கணக்கு நிரலுக்கு விண்டோஸ் 3.1-ஆ, 95-ஆ?

கடலூர் முதுநகரில் எங்கள் வலை, கயிறு கடையின் தாள் பேரேடுகள் 2011 டிசம்பரில் தானே புயலில் நனைந்து கூழாகிவிட்டன. மிஞ்சியது பரணில் கிடந்த 486 கம்ப்யூட்டரும், அப்பா 12 வருடம் கணக்கு ஏற்றிய நிரலும்தான். அது டாஸில், அதாவது விண்டோஸுக்கு முன் இருந்த, கட்டளை அடித்து ஓட்டும் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஓடும்படி கிளிப்பர் மொழியில் எழுதியது. அதன் டிபிஎஃப் தரவுக் கோப்புகளை இன்றைய மென்பொருளிலும் திறக்கலாம். ஆனால் ஆள்வாரி பாக்கியும் வட்டியும் அந்த நிரல் போட்டால்தான் வரும். நிரலோ பிரிண்டர் போர்ட்டில் செருகிய, நகலைத் தடுக்கும் பூட்டைப் பார்த்தால்தான் திறக்கும். உப்புக் காற்றில் பச்சை பூத்திருந்த அதன் பின்களை, ஸ்பிரிட்டில் நனைத்த பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்த பிறகே உயிர் வந்தது.

வெறும் டாஸ் போதாதா என்று கேட்கலாம். ஒரு விண்டோவில் பழைய பேரேடு, இன்னொன்றில் நான் தட்டச்சு செய்யும் பட்டியல், இரண்டும் எனக்கு ஒரே நேரத்தில் வேண்டும். விண்டோஸ் என்டி, எக்ஸ்பி வகையறா தனி டிரைவர் இல்லாமல் நிரலைப் போர்ட்டைத் தொட விடாது. அதனால் விண்டோஸ் 3.1, விண்டோஸ் 95, ஐபிஎம்மின் ஆபரேட்டிங் சிஸ்டமான ஓஎஸ்/2 வார்ப் மூன்றையும் போட்டுப் பார்த்து 95-ல் நின்றேன். மிஷினில் 16 எம்பி ரேம்.

வேகத்தில் 3.1 கொஞ்சம் மேல். பெரிய பெயர் கொண்ட கோப்பை 95-ல் டாஸ் நிரல் ஆறெழுத்தும் ~1-ம் சேர்ந்த குறும்பெயராகத்தான் பார்க்கும். எட்டெழுத்துக்குள் பெயர் வைத்தால் அந்தத் தொல்லையும் இல்லை.

முடிவு செய்ய வைத்தது கீழ் 640 கேபி மெமரி. 16 எம்பி இருந்தாலும் டாஸ் நிரலுக்கு முக்கியமாகக் கிடைப்பது அந்த 640-ல் மிச்சம்தான். 3.1 டாஸின் மேல் ஏறி உட்காருவது. அது கிளம்பும் முன்பே மவுஸ் டிரைவர், சிடி டிரைவர், சிடியை டாஸுக்குக் காட்டும் எம்எஸ்சிடெக்ஸ் எல்லாம் ஆளுக்கொரு துண்டு பிடித்துவிடுகின்றன. பிறகு எத்தனை டாஸ் விண்டோ திறந்தாலும் ஒவ்வொன்றுக்கும் அதே குறைதான் வரும். மிச்ச மெமரியைக் காட்டும் 'மெம்' கட்டளையை அடித்தால் எனக்கு 548 கேபி காட்டியது. மெனு வரும், வட்டிக் கணக்கைத் தொட்டதும் மெமரி போதவில்லை என்று நிரல் நின்றுவிடும். 640-க்கு மேலுள்ள இடத்தைத் திறந்துவிடும் இஎம்எம்386-ஐ வைத்துச் சில டிரைவர்களை அங்கே ஏற்றினேன். ஒரு நாள் ஓடும், ஒரு வரியை மாற்றினால் மறுபடி நிற்கும்.

95-ல் மவுஸ், சிடி, டிஸ்க் கேஷ் எல்லாவற்றுக்கும் அதன் சொந்த 32 பிட் டிரைவர்கள் உண்டு. அவை அந்த 640-ஐத் தொடுவதில்லை. ஆனால் மிஷின் கிளம்பும்போது படிக்கும் கான்ஃபிக்.சிஸ், ஆட்டோஎக்ஸெக்.பேட் கோப்புகளின் பழைய வரிகளை அப்படியே விட்டால் பலன் இல்லை. மவுஸ், எம்எஸ்சிடெக்ஸ், ஸ்மார்ட்டிரைவ் (டாஸின் டிஸ்க் கேஷ்) வரிகளுக்கு முன் 'ரெம்' போட்டு அவை ஓடாமல் நிறுத்தினேன். 'மெம்' 600-ஐத் தாண்டியது. கிளிப்பருக்காக, ஒரே நேரத்தில் நிறையக் கோப்பு திறக்க விடும் 'ஃபைல்ஸ்=60' வரியை மட்டும் விட்டுவைத்தேன். அன்று ராத்திரி வட்டிக் கணக்கு முதல் தடவையாக முழுசாக ஓடியது. வரிக்கு 132 எழுத்து அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் சோனங்குப்பம் வாடிக்கையாளர்களின் பாக்கி பக்கம் பக்கமாக வந்ததை அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

அப்படியும் முரண்டு பிடிக்கும் நிரலுக்கு, ஐகானின் பிராப்பர்ட்டீஸில் எம்எஸ்-டாஸ் மோடைத் தேர்ந்தெடுக்கலாம். விண்டோஸ் தன்னை இறக்கிக்கொண்டு மிஷினை டாஸிடம் விட்டுவிடும், நிரலை மூடினால் திரும்ப ஏறும். அந்த நிரலுக்கென்று தனி கான்ஃபிக்.சிஸ் கூட எழுதி வைக்கலாம்.

ஓஎஸ்/2 வார்ப்பில் இரண்டு வாரம்தான் இருந்தேன், அந்த அளவுக்கு மட்டும் இதை எடுத்துக்கொள்ளுங்கள். மெமரியில் அது 95-க்கும் மேல். ஒவ்வொரு டாஸ் அமர்வுக்கும் தனித்தனி அமைப்பு. ஒன்று விழுந்தால் மற்றது அசையவில்லை. ஆனால் எங்கள் நிரல் பிரிண்டரை ஒழுங்காக மூடுவதில்லை. அதனால் அச்சு வேலையை வாங்கி வரிசையாக அனுப்பும் ஸ்பூலர் 15 விநாடி காத்திருந்த பிறகே கடைசித் தாள் நகர்ந்தது. அமைப்பில் அந்த நேரத்தைக் குறைக்கலாம். குறைத்தபோது ஒரு பேரேடு நடுவில் இரண்டாக உடைந்தது. ஒத்த டிரைவருக்கும், கேட்டால் சொல்லித்தர ஆளுக்கும் இங்கே நான் அலைந்தது தனி.

உங்கள் மிஷினில் 4 எம்பிதான் என்றால் 95-ஐ ஏற்றாதீர்கள். ஏறும், ஆனால் ஹார்ட் டிஸ்க் ஓயாமல் உருளும். அங்கே 3.1-ஐ வைத்துக்கொண்டு, முதலில் சிடி டிரைவரைக் கழற்றிவிட்டு 'மெம்' பாருங்கள்.