விவாதித்துக் கற்கும் ஸ்பானிஷ்: ஓர் இணையவழி வகுப்பு

இடைநிலை மாணவர்களுக்கான இந்த உரையாடல் வகுப்பில் மூன்று மாதங்கள் பயின்றேன். கருத்து வேறுபாடு மிகுந்த ஒரு பொருளை வாரந்தோறும் எடுத்துக்கொண்டு ஸ்பானிஷிலேயே விவாதிக்க வேண்டும். மொழியின் பெயர் 'எஸ்பஞோல்' (ஸ்பெயினின் மொழி) என்பதா, 'காஸ்தெயானோ' (காஸ்டீல் பகுதியின் மொழி) என்பதா என்ற கேள்வியோடு முதல் வாரம் தொடங்கியது. ஸ்பெயினின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 3ஆவது பிரிவு 'காஸ்தெயானோ' என்றே குறிப்பிடுவதையும், கட்டலான், பாஸ்க், கலீசியம் ஆகியவையும் ஸ்பெயினின் மொழிகளே என்று கருதுவோர் பலர் அப்பெயரையே விரும்புவதையும் பார்சிலோனாவைச் சேர்ந்த ஆசிரியை பொறுமையாக விளக்கினார்.

இம்முறையின் உண்மையான பயன் இலக்கணத்தில்தான் தெரிந்தது. ஒரு கருத்தை ஏற்கும்போது 'க்ரெயோ கே எஸ் அஸி' (அப்படித்தான் என்று நினைக்கிறேன்) என்கிறோம். மறுக்கும்போதோ 'நோ க்ரெயோ கே செயா அஸி' (அப்படி என்று நான் நினைக்கவில்லை) என்று, 'எஸ்' என்பது 'செயா' ஆகி, வினைச்சொல்லின் வடிவமே மாறிவிடுகிறது. பயிற்சி நூல்களோடு ஓராண்டு போராடியும் பிடிபடாத இந்த மாற்றம், காளைப்போரைப் பற்றி எதிர்வாதம் செய்த ஒரே மணி நேரத்தில் என் நாவில் படிந்தது. பார்சிலோனா அமைந்துள்ள கட்டலோனியப் பகுதியின் நாடாளுமன்றம் 2010இல் காளைப்போருக்கு எதிராக நிறைவேற்றிய தடையை ஸ்பெயினின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2016இல் ரத்து செய்ததைக் கேட்டபோது, ஜல்லிக்கட்டு வழக்கைக் கவனித்து வந்த எனக்குச் சொல்வதற்கு நிறையவே இருந்தது.

ஒரு வகுப்பில் பன்னிரண்டு பேர் என்பது அதிகம். தயங்கிப் பேசுவோருக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. பிழைத்திருத்தங்களை எழுத்தில் தராததும் பெருங்குறை. இவ்விரண்டையும் சரிசெய்தால் அடுத்த நிலையிலும் தயங்காமல் சேர்வேன்.