ஜிப்சம் போர்டு தடுப்புச்சுவர்: எட்டு மாதம் பார்த்த பிறகு

நங்கநல்லூரில் எங்கள் வீடு இரண்டாம் மாடியில் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகவிருந்த மகளுக்குக் கதவைச் சாத்திக்கொண்டு படிக்க ஓர் அறை வேண்டும் என்பதற்காக, கூடத்தின் குறுக்கே 12 அடி அகலமும் 10 அடி உயரமும் கொண்ட ஒரு தடுப்புச்சுவரை, இரு காகிதத் தாள்களுக்கு நடுவே ஜிப்சத்தை வைத்துச் செய்த பலகையான ஜிப்சம் போர்டால் எழுப்பினோம். எங்கள் பகுதியில் ஃபால்ஸ் சீலிங் வேலை எடுத்துச் செய்யும் சிறிய ஒப்பந்தக்காரர் ஒருவர், பெயிண்ட் நீங்கலாக, உள்ளே கிளாஸ் வூல் எனும் கண்ணாடி இழைப் பஞ்சு நிரப்புவதையும் சேர்த்துச் சதுர அடிக்கு 165 ரூபாய் என்று பேசி முடித்தார். வேலை கடந்த அக்டோபர் கடைசியில் நடந்தது. ஒரு மழைக்காலத்தையும் ஒரு கோடையையும் சுவர் பார்த்துவிட்டதால், பொருளைப் பற்றியும் வேலையைப் பற்றியும் இப்போது எழுதுவதே முறையாகும்.

செங்கல்லை விட்டு இதற்கு வந்ததற்கு எடைதான் காரணம். நாங்கள் தடுக்க நினைத்த இடத்துக்குக் கீழே உத்திரம் கிடையாது, வெறும் தளம்தான். நாலரை அங்குலச் செங்கல் சுவரை இருபுறமும் பூசினால் சதுர மீட்டருக்கு 200 கிலோவுக்கு மேல் வரும். இரும்புச் சட்டத்தின் இருபுறமும் 12.5 மில்லிமீட்டர் போர்டு அடித்த சுவரோ அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். மணல் கொட்ட வேண்டியதில்லை, தண்ணீர் ஊற்றிப் பதப்படுத்த வேண்டியதில்லை, கீழ் வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதும் இல்லை. நெருப்பைப் பற்றிய என் தாயாரின் அச்சத்துக்கும் இந்தப் பொருளிலேயே பதில் இருந்தது. ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, படிகத்தோடு பிணைந்திருக்கும் நீர். தீப்பட்டால் அந்த நீர் ஆவியாகி வெளியேறி முடியும்வரை போர்டின் மறுபக்கம் சூடேறுவது தாமதமாகும்.

சட்டம் நிறுத்தும் வேலையில் குறை சொல்ல எதுவும் இல்லை. வந்த இருவரும் முதலில் தரையில் நூல் பிடித்துக் கோடு போட்டார்கள். தூக்குக்குண்டு விட்டு அதே கோட்டை மேல்தளத்துக்கும் ஏற்றினார்கள். கீழும் மேலும் சேனல் எனும் இரும்புப் பட்டையை இறுக்கி, இரண்டடிக்கு ஒன்றாகச் செங்குத்துச் சட்டங்களை நிறுத்தி, ஒவ்வொன்றிலும் ரசமட்டம் வைத்துப் பார்த்தார்கள். போர்டின் அகலம் நான்கடி என்பதால் இந்த இரண்டடிக் கணக்கு முக்கியமானது. இரண்டு போர்டுகள் சேரும் விளிம்பு ஒரு சட்டத்தின் நடுவில் உட்கார வேண்டும். அந்தரத்தில் சேர்ந்தால் அந்த இணைப்பு எந்தப் பட்டிக்கும் நிற்காது. தொலைக்காட்சியும் புத்தக அலமாரியும் வரும் இடங்களைக் கேட்டு, போர்டு அடிப்பதற்கு முன்பே அங்கே பிளைவுட் துண்டுகளைச் சட்டத்தோடு சேர்த்துத் திருகினார்கள். இதை அவர்களாகவே கேட்டது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. வெறும் போர்டில் ஆணி அடித்தால் காலண்டர் மட்டுமே தாங்கும். கனமான சாமி படத்துக்கு உள்ளே போய் விரிந்துகொள்ளும் ஆங்கர் தேவைப்படும்.

போர்டுகளைத் தரையில் முட்டவிடாமல் அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான இடைவெளி விட்டுத் தூக்கி அடித்தார்கள். வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றித் தரையைக் கழுவும் நம் வீடுகளில் இந்த இடைவெளி அவசியம் என்பதை, இந்த வேலையைச் செய்ய நினைப்பவர்கள் கட்டாயம் மனத்தில் கொள்ள வேண்டும். போர்டின் காகிதம் தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றிவிட்டால் அடிப்பகுதி உப்பிப் போய்விடும். இடைவெளியை மறைத்து நான்கு அங்குல டைல்ஸ் ஸ்கர்ட்டிங் ஒட்டி, அதன் மேல் விளிம்பில் சிலிக்கான் பூசினோம். எட்டு மாதக் கழுவலுக்குப் பின்னும் அடிப்பகுதி திடமாகவே இருக்கிறது. குளியலறையை ஒட்டிய சுவர் என்றால் ஈரம் தாங்கும் பச்சை நிறப் போர்டைக் கேட்டு வாங்குவது நல்லது.

சட்டமும் போர்டும் ஒரே நாளில் எழுந்தன. குறைகள் தொடங்கியது அதன் பிறகுதான். கடையில் கைக்குக் கிடைத்த ஆறடிப் போர்டுகளையே அவர்கள் கொண்டுவந்திருந்தார்கள். போர்டின் நீண்ட விளிம்புகள் இரண்டும் சற்றே சரித்து மெலிதாக்கப்பட்டிருக்கும். இரு விளிம்புகளும் சேரும்போது உண்டாகும் பள்ளத்தில் டேப்பும், இணைப்பை நிரப்பும் பட்டியான ஜாயின்ட் கம்பவுண்டும் அடங்கிச் சமமாகிவிடும். குறுக்கு விளிம்பில் அந்தச் சரிவு கிடையாது. பத்தடி உயரச் சுவரில் ஆறடிப் போர்டை நிறுத்தினால் குறுக்கு இணைப்புகள் வந்தே தீரும். அவற்றின் மேல் பூசுவதெல்லாம் மேடாகத்தான் நிற்கும். சுவர் உயரத்துக்கு ஏற்ற நீளமான போர்டை முன்கூட்டியே சொல்லிவைத்து வாங்கியிருந்தால் பாதித் தொல்லை இருந்திருக்காது.

இணைப்புகளில் காகித டேப் ஒட்டி ஒரு கை கம்பவுண்ட் இழுத்துவிட்டு, "நாளைக்கே பிரைமர் அடிச்சிடலாம் சார்" என்று மேஸ்திரி சொன்னார். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. பூசிய இடம் விரலில் குளிர்ந்தது. நான் சம்மதிக்கவில்லை. டேப்பைப் பதிக்க ஒரு கை, அது நன்றாகக் காய்ந்தபின் பள்ளத்தை நிரப்ப இரண்டாம் கை, கடைசியாக இணைப்பின் இருபுறமும் அகலமாக இழுத்து மெலிவித்துவிடும் மூன்றாம் கை என்று மூன்று முறையும், ஒவ்வொன்றுக்கும் இடையில் காயும் நேரமும் கேட்டேன். வடகிழக்குப் பருவமழையின் ஈரக்காற்றில் ஒரு கை காய்வதற்கு இரண்டு நாள் ஆனது. அதற்காக மூன்று முறை வர அவர் முகம் சுளித்தாலும், வந்தார்.

மூன்றாம் கையும் தேய்த்து முடித்த அன்று மாலை, விளக்குகளை அணைத்துவிட்டு, கைவிளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து ஒளியைப் பக்கவாட்டில் ஓடவிட்டேன். பகலில் வழவழப்பாகத் தெரிந்த சுவரில், ஆறடி உயரத்தில் ஒரு மேடு, அதன் பின்னால் விரலகல நிழல். கீழே இரண்டு இடங்களில் திருகாணி அளவுக்கு மீறி இறங்கிக் காகிதத்தைக் கிழித்திருந்தது. அங்கே பட்டி வட்டமாகக் குழிந்திருந்தது. திருகாணியின் தலை காகிதத்தைக் கிழிக்காமல், அதற்கு மயிரிழை கீழே நிற்க வேண்டும். கிழிந்துவிட்டால் போர்டின் மீது அதன் பிடிப்பு போய்விடும். இரண்டுக்கும் பக்கத்தில் புதுத் திருகாணி போட்டு, மேட்டின் மேலும் கீழும் ஓர் அடி அகலத்துக்குக் கம்பவுண்டை இழுத்து, உப்புத்தாளால் மறுபடி தேய்த்துக் கொடுத்தார்கள். மேடு முற்றிலும் மறையவில்லை; இருப்பது தெரிந்தவர் கண்ணுக்கு மட்டும் தெரியும் அளவுக்குத் தணிந்தது. மினுமினுப்பு இல்லாத மேட் பெயிண்டைத் தேர்ந்தெடுத்தது அதற்காகவே.

பெரிய பிழை மூன்று வாரம் கழித்து வெளிப்பட்டது. கதவு நிலையின் மேல் மூலையிலிருந்து நேர் மேலே, மயிர் போல் ஒரு விரிசல் கிளம்பியது. நிலையின் பக்கக் கோட்டுக்கு நேராகவே அங்கே இரண்டு போர்டுகளைச் சேர்த்திருந்தார்கள். கதவை அடித்துச் சாத்தும் ஒவ்வொரு முறையும் அதிர்வு முழுவதும் அந்த இணைப்பில்தான் இறங்கும். ஒரே போர்டை மூலையில் 'ட' வடிவில் வெட்டி, இணைப்பைக் கதவின் தலைக்கு மேல், மூலையை விட்டுத் தள்ளி அமைப்பதே சரியான முறை. ஒப்பந்தக்காரரை அழைத்துக் காட்டியபோது அவர் மறுத்துப் பேசவில்லை. அந்தப் பகுதியை அறுத்தெடுத்து, கூடுதலாக ஒரு சட்டம் நிறுத்தி, ஒரே போர்டில் வெட்டிப் பொருத்தி, பணம் வாங்காமல் முடித்துக் கொடுத்தார். அதன்பின் அங்கே விரிசல் இல்லை.

சத்தத்தைப் பொறுத்தவரை, கூடத்தில் நடக்கும் சாதாரணப் பேச்சு அறைக்குள் புரியாத முணுமுணுப்பாகவே கேட்கிறது. குக்கர் விசில் கேட்கத்தான் செய்கிறது, அதில் பெரும்பகுதி கதவின் அடி இடுக்கு வழியாக வருவது. மகளுக்கு அது போதுமானதாக இருக்கிறது.

இந்த ஒப்பந்தக்காரரையே அடுத்த வேலைக்கும் அழைக்கவிருக்கிறேன். ஆனால் இம்முறை போர்டின் நீளத்தையும், மூன்று கை கம்பவுண்டையும், கதவு மூலை வெட்டையும் விலைப்பட்டியலிலேயே எழுதி வாங்கிக்கொள்வேன். மழை ஓய்ந்து, தை பிறந்த பிறகே வேலையைத் தொடங்கச் சொல்வேன்.