சார்னி–டிவோரா, மார்ஷல்–மொல்டெனியா?

நடு அட்சரேகைக் காற்றோட்டம் வாரக்கணக்கில் மெதுவாக மாறுவதை ஆராய இந்த இரண்டு எளிய கணித மாதிரிகளில் எதை எடுப்பது என்று குழம்புபவர்களுக்கு.

அளவு: 1979-இல் வந்த சார்னி–டிவோருக்கு ஆறு மாறிகள் போதும். 1993-இல் வந்த மார்ஷல்–மொல்டெனிக்கு மூன்று அடுக்குகள், 1449 மாறிகள்.

செலவு: முதலாவதைத் தாளிலேயே பாதி தீர்க்கலாம். மற்றதும் மடிக்கணினியில் ஓடும், கவலை வேண்டாம்.

இயற்பியல்: இங்கேதான் சங்கதி. சார்னி–டிவோரில் மலைகளின் தாக்கத்தால் வேகமான மேற்குக் காற்று, தடைபட்ட ஓட்டம் (மேற்குக் காற்று வலுவிழந்து வளைந்து, நாள்கணக்கில் அப்படியே நிற்கும் தடைநிலை) என இரு சமநிலைகள் கிடைக்கின்றன. ஆனால் உயரத்துக்கு ஏற்பக் காற்று மாறுவதில்லை. அதனால் வெப்ப வேறுபாட்டில் பிறக்கும் புயல்கள் அதில் கிடையாது. ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளுவதில் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டே! மார்ஷல்–மொல்டெனியில் அவை உண்டு. காற்றோட்டத்தை இயக்கும் உந்துவிசையையும் குளிர்கால அவதானிப்புகளிலிருந்தே எடுக்கிறார்கள்.

தடைநிலை ஏன் உருவாகிறது என்று புரிய முதலாவது. எத்தனை நாள் நீடிக்கும் என்ற புள்ளிவிவரம் வேண்டுமென்றால் இரண்டாவது. ஆய்வேட்டுக்கு நான் இதையே எடுப்பேன்.