நூறு சதவீதத் தேர்ச்சிப் பள்ளியா, பக்கத்து அரசுப் பள்ளியா?

கற்றல் குறைபாடுள்ள பிள்ளையைச் சேலத்தில் எங்கே சேர்ப்பது?

செலவு: தனியாரில் கட்டணம், வேன், டியூஷன். அரசுப் பள்ளியில் அந்தச் சுமை இல்லை.

உதவி: அரசுப் பள்ளிக்கு வட்டார வள மையத்தின் (வட்டாரப் பள்ளிகளுக்கு உதவும் கல்வித்துறை மையம்) சிறப்புப் பயிற்றுநர் வருவார், தினமும் அல்ல. ஏற்காட்டு மலைக்கிராமம் என்றால் அவர் எப்போதெல்லாம் வருவார் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தனியாரில் பள்ளிக்குப் பள்ளி மாறும்.

தேர்ச்சி அழுத்தம்: இதுதான் என்னை உறுத்துகிறது. என் அக்கா மகனை ஒரு தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பிலேயே, “டிசி வாங்கிக்கோங்க” என்றார்கள். பேனரில் 100 சதவீதம் குறையக் கூடாதாம். அரசுப் பள்ளியிலும் கெடுபிடி உண்டு. ஆனால் எங்கே படித்தாலும் பொதுத்தேர்வில் மருத்துவச் சான்றோடு கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுபவரும் கேட்கலாம்.

லேசான சிரமம், அக்கறையான தலைமையாசிரியர் என்றால் தனியார் சரி. தொடர்ந்த உதவி வேண்டுமென்றால் நான் அரசுப் பள்ளியைத்தான் சொல்வேன்.