பத்து வருடமாக என் திரையில் கோள்கள்

2015 ஜூலை 14 அன்று நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் புளூட்டோவைக் கடந்தது. அந்த வாரமே கணினித் திரையின் பின்னணியில் புளூட்டோவை வைத்தேன். அதன்பிறகு விண்கலங்கள் எடுத்த கோள் படங்களைத் தவிர வேறெதுவும் என் திரைக்கு வந்ததில்லை. (புளூட்டோ கோளா என்று கேட்காதீர்கள். என் திரையில் அது கோள்தான்.) தினமும் எட்டு மணி நேரம் கண்முன் இருக்கும் படத்தில் எது நிலைக்கும், எது சலிக்கும் என்பது இப்போது ஓரளவு பிடிபட்டிருக்கிறது.

புளூட்டோவின் தரையில் இதய வடிவில் தெரியும் வெளிர் பகுதி எல்லோருக்கும் தெரியும். அழகுதான், ஆனால் மூன்று மாதத்தில் பழகிவிட்டது. எனக்கு நிலைத்தது, கலம் கடந்துபோன பிறகு திரும்பிப் பார்த்து எடுத்த படம். சூரியன் மறுபக்கம் இருக்க, கறுத்த வட்டத்தைச் சுற்றி மெல்லிய நீல வளையம். புளூட்டோவின் காற்றில் மிதக்கும் மூட்டம் அது. அவ்வளவு தொலைவிலிருந்து தரவு சொட்டுச் சொட்டாகத்தான் வரும். எல்லாம் வந்துசேர 2016 அக்டோபர் ஆகிவிட்டது. எனக்கு அது லாபம், ஒரு வருடத்துக்கும் மேலாகப் புதுப் படங்கள் கிடைத்துக்கொண்டே இருந்தன.

அப்புறம் வியாழனுக்குப் போன ஜூனோ விண்கலத்தின் படங்கள் வந்தன. வியாழனின் மேகச் சுழல்களை முதலில் பார்த்தபோது வாய் பிளந்தேன். திரையில் வைத்தால் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஒவ்வொரு அங்குலத்திலும் ஏதோ சுழல்கிறது, கோப்புக் குறிகள் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. அந்த நீலமும் ஆரஞ்சும் பெரும்பாலும் கூட்டிக் காட்டிய நிறங்கள். கண்ணுக்குத் தெரிவதை ஒட்டிய நிறத்தில் வியாழன் பலமுறை துவைத்த துணி மாதிரி வெளிறியிருக்கும். அந்த வெளிறிய படம்தான் நான்கு மாதம் ஓடியது.

நீண்ட நாள் உழைத்தது என்று பார்த்தால் சனியைச் சுற்றிய காசினி விண்கலத்தின் படம்தான். 2006 செப்டம்பர் 15 அன்று சனியின் நிழலுக்குள் நின்றுகொண்டு ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் எடுத்த 165 படங்களை ஒட்டிச் செய்த காட்சி ஒன்று உண்டு. சூரியனைச் சனி மறைத்துக்கொள்ள, வளையங்கள் மட்டும் ஒளிர்கின்றன. பிரகாசமான வளையங்களுக்குச் சற்று வெளியே, இடப்பக்கம் ஒரு சிறு புள்ளி தெரியும். அது பூமி. இதைத் தெரிந்துகொள்ளும் முன்பே ஐந்து மாதம் அந்தப் படத்தை வைத்திருந்தேன். தெரிந்தபின் போய்த் தேடினால் பூமியைக் காணவில்லை. குப்பைத்தொட்டிக் குறி சரியாக அதன்மேல் உட்கார்ந்திருந்தது. அன்றே எல்லாக் குறிகளையும் வலப்பக்கம் மாற்றினேன்.

ஆர்வம் முற்றி, மூலப் படங்களை இறக்கி நானே நிறம் சேர்க்க ஆரம்பித்தேன். காசினியின் கேமரா உணரி 1024-க்கு 1024 புள்ளிகள் (பிக்சல்) தான், அதுவும் கறுப்பு வெள்ளை. சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளை மாற்றி எடுத்த மூன்று படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்த வேண்டும். அதற்குள் சனியின் நிலா நகர்ந்திருக்கும். என் முதல் முயற்சியில் சனிக்குப் பக்கத்தில் ஒரே நிலா மூன்று நிறத்தில் மூன்று இடத்தில் நின்றது. காஸ்மிக் கதிர் பட்ட வெள்ளைக் கீறல்களைத் துடைக்கவே ஒரு மாலை போய்விடும். ஜூனோ இன்னும் கஷ்டம். நிமிடத்துக்கு இரண்டு முறை சுழலும் கலத்திலிருந்து 1648 புள்ளி அகலமும் 128 புள்ளி உயரமும் உள்ள கீற்றுகளாகப் படம் வரும். என் வியாழன் கிழிந்த காகிதம் மாதிரி இருந்தது. கெரால்ட் ஐக்ஸ்டாட், கெவின் கில் போன்ற படம் சேர்ப்பதில் கைதேர்ந்தவர்கள் இதே கீற்றுகளிலிருந்து செய்வதைப் பார்த்தபின் அந்தப் பக்கம் போகவில்லை. ஆனால் ஒரு படம் எப்படிச் சேர்கிறது என்று கைபட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, பழைய படங்களையே மேலும் நிதானமாகப் பார்க்கத் தொடங்கினேன்.

செவ்வாயைப் பற்றிச் சுருக்கமாக: செவ்வாயைத் தாழ்வாகச் சுற்றும் கலத்திலுள்ள ஹைரைஸ் கேமரா எடுத்த மணல்மேடுகள் அபார அழகு, ஆனால் கோப்புகள் மலைபோல் கனக்கும், நீல மணல் எல்லாம் நிறம் மாற்றிக் காட்டியது. முழு உருண்டை வேண்டுமென்றால் மங்கள்யான்தான். நீண்ட நீள்வட்டப் பாதையில் வெகுதூரம் விலகிப் போனதால் முழு வட்டமும் ஒரே சட்டத்தில் அடங்கியது. சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஹைரைஸ் கலத்தால் அது முடியாது.

அச்சடிக்க நினைப்பவர்களுக்கு ஒன்று. சனியின் நிழல் படத்தை ஒரு கடையில் கொடுத்தேன். "ரொம்ப இருட்டா இருந்துச்சு சார், கொஞ்சம் வெளிச்சம் கூட்டியிருக்கோம்" என்று சாம்பல் நிறத்தில் பட்டை பட்டையாகக் கொடுத்தார்கள். விண்வெளி கறுப்பாகத்தான் இருக்க வேண்டும், கை வைக்காதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஜேபெக் கோப்பும் வேண்டாம், இருட்டு மெல்ல ஒளியாக மாறும் இடங்களில் படிக்கட்டு தெரியும். தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் (TIFF) கோப்பு கிடைத்தால் அதையே எடுங்கள்.

நெப்டியூன் விஷயத்தில்தான் ஏமாந்தேன். வாயேஜர் 2 விண்கலம் 1989-இல் அனுப்பிய ஆழ்ந்த நீலத்தை வருடக்கணக்கில் நம்பினேன். மேகங்கள் தெரிவதற்காகக் கூட்டிய நிறம் அது. உண்மையில் நெப்டியூனும் யுரேனஸ் போலவே வெளிறிய பச்சை கலந்த நீலம்தான் என்று 2024-இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டுக் காட்டியது. சரி, அப்படியானால் யுரேனஸையே வைத்துப் பார்க்கலாம் என்று 1986 ஜனவரியில் அதே வாயேஜர் எடுத்த படத்தைப் போட்டேன். கோடு இல்லை, மேகம் இல்லை, வெறும் உருண்டை. "என்ன, படம் இன்னும் லோட் ஆகலையா?" என்றார் பக்கத்து இருக்கைக்காரர்.

ஒரு வாரம் கழித்து, யுரேனஸை விட்டு விலகும்போது வாயேஜர் எடுத்த மெல்லிய பிறை வடிவப் படத்துக்கு மாறினேன். எட்டு மாதம் ஆகிறது, இன்னும் மாற்றத் தோன்றவில்லை. குறிகளெல்லாம் இருட்டுப் பக்கத்தில் வசதியாக இருக்கின்றன.