எங்கள் கரையோர ரேஷன் கடை: அரிசி சரி, கருவிதான் குறை

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தை அடுத்த ஒரு மீனவக் குடியிருப்பின் நியாயவிலைக் கடையில் ஒன்பது ஆண்டுகளாகப் பொருள் வாங்கி வருகிறேன். ஊர் பெயரைச் சொன்னால் விற்பனையாளர் யாரென்று தெரிந்துவிடும் என்பதால் அதைத் தவிர்க்கிறேன்.

முதலில் சரக்கு. விலையில்லாப் புழுங்கல் அரிசி பெரும்பாலான மாதங்களில் சமைக்கத் தக்கதாகவே இருக்கிறது. மழைக்காலத்தில் வரும் மூட்டைகளில் மட்டும் ஈரவாடை அடிக்கும், இரண்டு முறை கூடுதலாகக் களைந்தால் போய்விடும். கிலோ 30 ரூபாய் துவரம் பருப்பும், லிட்டர் 25 ரூபாய் பாமாயிலும் மாதக் கடைசியில் போனால் கிடைப்பதில்லை. ஒரு முறை 20 கிலோ அரிசியை மளிகைக் கடைத் தராசில் மறுபடி நிறுத்தபோது அரைக் கிலோவுக்கு மேல் குறைந்தது. எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் உடனே 1967 என்ற எண்ணுக்குப் புகார் சொன்னார். அடுத்த மாதத்திலிருந்து எடை சரியாக இருக்கிறது.

அந்த ஆசிரியர் இந்தக் கடைக்கு வருகிறார் என்பதே இதன் பெரிய பலம் என்று நினைக்கிறேன். 1997-ல் மத்திய அரசு வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களைப் பிரித்து அவர்களுக்கு மட்டும் மலிவு விலையில் கொடுக்கும் முறையைக் கொண்டு வந்தபோது, தமிழ்நாடு அதை ஏற்காமல் எல்லோருக்கும் பொதுவான விநியோகத்தையே தொடர்ந்தது. அதனால் படகு முதலாளியும், வலை இழுப்பவரும், பென்ஷன்காரரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். அரிசியில் வண்டு இருந்தால் அது ஊர்ப் பேச்சாகிறது. ஏழைக்கென்று தனியாக ஒதுக்கிய கடையாக இருந்திருந்தால் அந்த வண்டைப் பற்றி மேலிடத்துக்கு எடுத்துச் சொல்ல ஆள் இருந்திருக்க மாட்டார்.

இனி குறைக்கு வருகிறேன். 2020-லிருந்து கைரேகை வைத்தால்தான் பில் வரும். எனக்கு முன்னால் நின்ற ஒரு பெண் கடந்த மாதம் பத்து விரல்களையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தார். எதையும் கருவி ஏற்கவில்லை. அவர் மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டி முங்கி மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி என்னும் கடற்பாசிகளை எடுப்பவர். விரல்களில் துணிக்கிழிசலைச் சுற்றிக்கொண்டுதான் பாறையிலிருந்து பிய்ப்பார்கள், ஆனாலும் துணி நனைந்து விலகிய இடத்தில் தோல் தேய்ந்து வழவழப்பாகிவிடுகிறது. "சாயந்தரம் வாங்க, விரல் காஞ்சிருக்கும்" என்றார் விற்பனையாளர். காய்ந்தாலும் ரேகை எங்கிருந்து வரும்?

இது ஒரு கடைக்காரரின் அலட்சியம் மட்டும் அல்ல. எந்த வறுமை ஊராருக்குத் தெரிகிறதோ அதை மனத்தில் வைத்தே திட்டங்கள் வரையப்படுகின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் வரிசையாக நங்கூரம் போட்டு நிற்பதைப் பாம்பன் பாலத்தில் போகும் எந்தச் சுற்றுலாப் பயணியும் பார்க்கலாம். நாளிதழ்களும் ஆண்டுதோறும் அந்தப் படத்தைப் போடுகின்றன. 2023 ஆகஸ்டில் மண்டபத்திலேயே நடந்த மீனவர் மாநாட்டில், தடைக்கால நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயரும் என்று முதலமைச்சர் அறிவித்தார். அது நியாயமான உயர்வு, அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் கழுத்தளவு நீரில் முங்கிப் பாசி எடுக்கும் பெண்ணைப் பாலத்திலிருந்து யாரும் பார்க்க முடியாது. 1986-ல் 21 தீவுகளும் தேசியப் பூங்காவான பிறகு அவர்கள் பிழைப்பு எவ்வளவு சுருங்கியது என்பது எங்கள் கரைக்கு வெளியே அதிகம் பேசப்படுவதும் இல்லை. பத்திரிகைச் சுதந்திரம் உள்ள நாட்டில் பஞ்சம் வராது, ஆனால் அன்றாட அரைவயிறு அங்கே செய்தியாவதில்லை என்று பொருளியலாளர் அமர்த்தியா சென் சுட்டிக்காட்டியது இந்த வரிசையில் நின்றால் எளிதாக விளங்கும்.

தெரிய வந்தால் மாறுகிறது என்பதற்கும் இதே கடையில் சான்று உண்டு. முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் கடைக்கு வந்து படும் பாடு பரவலாகப் பேசப்பட்டது. 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் வந்து, அவர்கள் வீட்டுக்கே பொருள் போகத் தொடங்கியது. ரேகை விழாதவர்களுக்காகக் கருவிழியைப் படிக்கும் கருவியும் கடைகளுக்குக் கொடுக்கப்பட்டது. எங்கள் கடையிலும் அது இருக்கிறது. ஆனால் வயரை மாட்ட நேரமாகிறது என்று மேசை இழுப்பறைக்குள் கிடக்கிறது, இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது.

மொத்தத்தில், சரக்குக்கும் எடைக்கும் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன், கருவிக்கு இரண்டுக்கு மேல் மனம் வரவில்லை. புதிதாகக் குடிவந்தவர்கள் மாதத்தின் இரண்டாம் வாரத்தில் காலையிலேயே போய்விடுங்கள், பையைக் கையோடு கொண்டு போங்கள். விரல் ஏற்காவிட்டால் வெறுங்கையோடு திரும்பிவிடாதீர்கள், கருவிழிக் கருவியைக் கேளுங்கள். பாசி எடுக்கும் அந்தப் பெண் இந்த மாதம் ரேகை வைக்கவே இல்லை. வரிசையில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழும்படி, "அண்ணே, அந்தக் கண்ணு மிஷினை எடுங்க" என்றார். விற்பனையாளர் முணுமுணுத்துக்கொண்டே இழுப்பறையைத் திறந்தார். அந்தப் பெண்ணுக்குப் பின்னால் நின்ற இரண்டு பாசிக்காரப் பெண்களும் அதையே கேட்டார்கள்.